உன் அம்மா போடாத ஓட்டு

கோமதி, நீ புளியங்குடியிலிருந்து போட்ட கடிதம் நேற்றுப் பகலில் கைக்கு வந்தது. தபால்காரர் நம் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும் முன்பே தெருமுனைக்குப் போய் வாங்கிவிட்டேன். உனக்குத் தேர்தல் வேலை போட்டிருக்கிறார்கள், ஓட்டுச்சாவடி மேசையில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்துப் பேர் வாசிக்கும் வேலை என்று நீ எழுதியிருந்த வரியை எத்தனை பேரிடம் வாசித்துக் காட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. வெற்றிலைக் கடையில் வாசிக்கும்போது அது தேர்தல் வேலையாகத்தான் இருந்தது. ரத வீதி திரும்புவதற்குள் நீ தேர்தல் அதிகாரி ஆகிவிட்டாய். குற்றாலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, "அந்தப் பக்கத்துத் தேர்தலையே எங்க கோமதிதான் நடத்துதா" என்று கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதில் பொய் என்ன இருக்கிறது? நீ பேர் வாசிக்காவிட்டால் அங்கே தேர்தல் எப்படி நடக்கும்?

ஆனால் கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். 'பெண்கள் வந்து பேர் சொல்லாமல் நின்றால் என்ன செய்வது, சித்தப்பா? இங்கே அப்படித்தான் நிற்பார்கள் என்கிறார்கள்' என்று. அந்த வரியை மட்டும் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இந்தத் தாலுகாவிலேயே என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. காரணத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம். நான் ஐந்தாவதுகூட முடிக்காதவன், பிழை இருக்கும். நீ வாத்தியாரம்மா. சிவப்பு மை எடுக்காமல் படி.

என் அரசியல் ஞானம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் இருபது வருஷமாக எண்ணெய் தேய்த்துவிடும் கடை வைத்திருப்பவன் நான். சாரல் காலத்தில் என் கல்லில் படுக்காத பெரிய மனிதர் கிடையாது. கதர்க்காரர் வருவார், கரைவேட்டிக்காரர் வருவார், சிவப்புத் துண்டுக்காரர் வருவார். வேட்டியையும் துண்டையும் அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுக் கோவணத்தோடு குப்புறப் படுத்துவிட்டால் எல்லாம் ஒரே முதுகுதான். எண்ணெய் சூடாக இறங்க இறங்க அவர்களே பேசுவார்கள். எந்தத் தெரு யார் பக்கம், எந்தத் தலைக்கட்டு யாரோடு கோபம், எந்த ஊரில் கொடி மாறிவிட்டது என்று எல்லாம் என் காதில் விழும். ஒருமுறை ஒரு வேட்பாளர் தேர்தலுக்கு முன்னால் வந்து படுத்தார். தோளைத் தொட்டதுமே சொன்னேன்.

"அண்ணாச்சி, ஒங்க வலது தோளு கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. மேலத்தெரு ஒங்க கைய விட்டுப் போயிட்டு."

அவர் படுத்தபடியே தலையைத் திருப்பி, "ஏலே, ஒனக்கு யாரு சொன்னா?" என்றார்.

"ஒங்க தோளு சொல்லுது."

உண்மையில் மேலத்தெரு ஆள் ஒருவர் முதல் நாள் அதே கல்லில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கக்கியிருந்தார். அதை அண்ணாச்சியிடம் சொல்வேனா? அன்றையிலிருந்து தோளைத் தொட்டு ஓட்டைச் சொல்கிறவன் என்று செங்கோட்டை வரை என் பேர் பரவிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் புனலூர்க்காரர்கூட ஒருவர் தோளைக் காட்ட வந்தார். சரி, அவர் வரவில்லை, அவர் தம்பிதான் வந்தார்.

நம் தெருவின் பழக்கம் உனக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். உன் காலத்தில் அது குலைந்துவிட்டது. அப்போதெல்லாம் நம் தெருவுக்கு ஒரே ஓட்டு. தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் ஆண்கள் எல்லோரும் அம்மன் கோயில் முன் கூடுவோம். இன்ன ஆளுக்கு என்று முடிவெடுத்துத் தட்டில் கற்பூரம் கொளுத்தி, ஒவ்வொருவராக உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்வோம். அதற்குப் பிறகு நேர் எதிர்க்கட்சிக்காரன் அண்ணன் தம்பியாக இருந்தாலும் பேச்சு மாறாது. அப்படிச் சிதறாத தெரு என்பதால்தான் வேட்பாளர்கள் நம் தெருவுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டைக் காத்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் என் சேக்காளி சுடலைமுத்து. அவனை உனக்கு நன்றாகத் தெரியும். குரல்தான் பெரிது, ஆள் கெட்டவன் இல்லை.

சுதந்திரம் வந்து நடந்த முதல் தேர்தலுக்குப் பட்டியல் எழுத ஒருவர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், சின்ன வயது. நம் பேச்சில் பாதி அவருக்குப் புரியவில்லை. ஆண்கள் பேரை எழுதி முடித்துவிட்டார். பெண்கள் முறை வந்தபோது மாட்டிக்கொண்டார். எந்த வீட்டிலும் பெண்ணின் பேர் வெளியே வரவில்லை. கட்டி வந்த ஊரை வைத்துத்தானே நம் பக்கம் கூப்பிடுவோம்? ஒரு வீட்டில் சுரண்டைக்காரி என்றார்கள். அடுத்த வீட்டில் கடையத்தா. அதற்கடுத்து ஆய்க்குடியா. நம் வீட்டில் பாவூரா, அதுதான் உன் அம்மா, கீழப்பாவூர்க்காரி. பட்டியல்காரர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, "இதெல்லாம் ஊர் பேருங்க. பஸ் போர்டு மாதிரி இருக்கு. மனுஷங்க பேரு வேணும். பேரில்லாட்டி பட்டியல்ல ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு" என்றார். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தார்கள். பெண்டாட்டி பேரைத் தெருவில் நின்று உரக்கச் சொல்ல ஆண்களுக்கும் வாய் வரவில்லை.

எனக்குள்ளே கணக்கு ஓடியது. பெண்கள் பேர் ஏறாவிட்டால் தெருவின் பலம் பாதியாகிவிடும். நிற்கப்போகிறவரிடம் முழுத் தெருவையும் கூட்டி வருகிறேன் என்று நான் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த இளைஞரைக் கூப்பிட்டு நிழலில் உட்கார வைத்தேன், மோர் கொடுத்தேன். "சார், எல்லார் பேரும் எனக்குத் தெரியும். எழுதிக்கிடுங்க" என்று ஆரம்பித்தேன். கோமதி, முப்பத்தொரு பெண்களுக்கு ஒரே மூச்சில் பேர் வைத்தேன். சுரண்டைக்காரிக்கு மங்கையர்க்கரசி. கடையத்தாவுக்குப் புவனேஸ்வரி. ஆய்க்குடியாவுக்கு ராஜலட்சுமி. ஒரு பேர் இரண்டு தடவை வரவில்லை, அப்படி ஒரு ஞாபகம் எனக்கு அப்போது இருந்தது. எல்லாவற்றிலும் பெரிய பேரை உன் அம்மாவுக்கென்று வைத்திருந்தேன். திரிபுரசுந்தரி. அந்த இளைஞர் எழுதும்போது பேர் கட்டத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பார்க்கப் பெருமையாக இருந்தது. மதினிக்கு ஒரு மரியாதை செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

உன் அம்மாவின் உண்மையான பேர் எனக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். தெரியாது. அண்ணன் கல்யாணத்தின்போது நான் கொல்லத்துக்கு ஓடிப்போயிருந்தேன். திரும்பி வந்தபோது உன் அம்மா நம் வீட்டில் இருந்தார்கள். அண்ணன் 'ஏளா' என்று கூப்பிடுவான். தெரு 'பாவூரா' என்று கூப்பிடும். நான் மதினி என்பேன். அண்ணன் போனபோது உனக்கு நான்கு வயது. அதற்குப் பிறகு நாம் மூன்று பேரும் ஒரே அடுப்பில்தான் சாப்பிட்டோம். ஊரில் உள்ள முதுகுகளுக்கெல்லாம் கட்சி சொன்னவனுக்கு, தினம் சோறு போட்டவர்களின் பேர் தெரியவில்லை.

ஓட்டுப் போடும் நாளுக்கு முன்தினம் பெண்களையெல்லாம் கோயில் பக்கத்தில் கூட்டிப் பாடம் நடத்தினேன். "இன்னாருக்கு இன்ன பேரு. கேட்டா டக்குன்னு சொல்லணும். மாத்திச் சொன்னா ஓட்டுப் போயிரும்" என்றேன். அவர்களுக்கு ஒரே சிரிப்பு. சுரண்டைக்காரி மட்டும், "மங்கையர்க்கரசி, மங்கையர்க்கரசி" என்று மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். உன் அம்மா ஓரமாக நின்று கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி. எங்கள் வேட்பாளருக்கு ஏஜெண்டாக நான் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சட்டையில் சீட்டுக் குத்தி, தலையில் எண்ணெய் வைத்து, மீசையை முறுக்கி, கலெக்டர் மாதிரி இருந்தேன் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்போதெல்லாம் முத்திரை குத்துவது கிடையாது. நிற்கிற வேட்பாளர் ஆளுக்கொரு பெட்டி, பெட்டியின் மேல் சின்னம், எல்லாம் திரைக்குப் பின்னால். எந்தப் பெட்டியில் வேண்டுமோ அதில் காகிதத்தைப் போட வேண்டியதுதான். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். புவனேஸ்வரி வந்தாள், ராஜலட்சுமி வந்தாள். மங்கையர்க்கரசி பேரை முழுதாகச் சொல்லிவிட்டு, அப்பாடா என்று மூச்சுவிட்டாள். விரலில் மை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்கள். அப்புறம் உன் அம்மா வந்தார்கள்.

"பேரு என்னம்மா?"

"பூரணம்."

மேசையில் இருந்தவர் பட்டியலில் விரலை ஓட்டினார். "இந்த வீட்டு நம்பர்ல பூரணம்னு யாரும் இல்லையே. திரிபுரசுந்தரின்னு ஒருத்தங்க இருக்காங்க. அது யாரு?"

"எனக்குத் தெரியாது."

"அது நீங்கதானாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." அவர் நல்ல மனிதர். உதவத்தான் பார்த்தார்.

"எங்க அய்யா வச்ச பேரு பூரணம். வேற பேரு எனக்குக் கெடையாது."

பின்னால் நின்ற கடையத்தா, "ஏளா பாவூரா, சும்மா சொல்லிட்டுப் போயேன். என்ன கொறஞ்சு போச்சு?" என்று முதுகில் இடித்தாள். உன் அம்மா அசையவில்லை. மேசைக்காரர் எங்கள் பக்கம் திரும்பி, "ஏஜெண்டுங்க யாருக்காவது இவங்களைத் தெரியுமா?" என்று கேட்டார். உன் அம்மாவுக்கும் எனக்கும் இடையே இரண்டு முழத் தூரம்தான். நான் எழுந்து, 'எனக்குத் தெரியும், இவங்க என் மதினி, அந்தப் பேரு நான் இட்டுக்கட்டினது' என்று சொல்லியிருந்தால் வழி பிறந்திருக்கலாம். ஆனால் சொன்னால் மற்ற முப்பது பேரும் என்ன ஆவார்கள்? எதிர்க்கட்சி ஏஜெண்டு துள்ளிக் குதிப்பான். தெருவே கவிழ்ந்துவிடும். ஒரு ஓட்டுக்காக முப்பது ஓட்டை விடுவதா என்று நினைத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. அவ்வளவு பேர் முன்னால் என் மானம் போகுமே என்றுதான் நினைத்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா ஒரு நிமிஷம் நின்றார்கள். அப்புறம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். விரலில் மை இல்லாமல்.

எங்கள் ஆள் ஜெயித்தார். வேட்டுப் போட்டார்கள். எனக்கு மாலை போட்டார்கள். இந்தக் கதையை ஊரில் சொல்லும்போது மாலையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். உன்னிடம்தான் முன்னாலிருந்து சொல்கிறேன்.

ஓட்டுப் போட்ட அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வழக்கம்போல் சோறு போட்டார்கள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நீ பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாய். எட்டு வயது உனக்கு. திடீரென்று உன்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

"ஏட்டி கோமு, அம்மா பேரு என்ன?"

நீ தலையைக்கூடத் தூக்காமல், "பூரணம்" என்றாய்.

"கேட்டுக்கிட்டீங்களா தம்பி? இந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. இத்தன வருசம் சோறு போட்டேன். ஒரு நாளாவது கேக்கணும்னு ஒங்களுக்குத் தோணலியே."

நான் சோற்றைப் பிசைந்தேன். "நல்ல பேருதான மதினி வச்சேன். ராணி பேரு."

"ராணி வந்து போட்டுக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றினார்கள். கொஞ்சம் பொறுத்து, "நீங்க வச்ச பேர நீங்களே வந்து எடுக்கணும்" என்றார்கள்.

அடுத்த தேர்தலுக்கு முன் பட்டியல் திருத்துகிறார்கள் என்று தெரிந்ததும் உன் அம்மா புறப்பட்டுவிட்டார்கள். கீழப்பாவூரில் ஐந்து வருஷம் படித்தவர்கள், என்னைவிடக் கையெழுத்து நன்றாக இருக்கும். உன் பழைய நோட்டில் எழுதாத தாள்களைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். ஆண்கள் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் போவார்கள். அடுப்படியில் உட்கார்ந்து, "ஒங்க அம்மா ஒன்ன என்னன்னு கூப்பிட்டா?" என்று கேட்பார்கள். பேரைக் கேட்டால் வெட்கப்பட்டவர்கள், அம்மா கூப்பிட்டதைக் கேட்டதும் கடகடவென்று சொன்னார்களாம். சில பேர் சொல்லிவிட்டு அழுதார்கள் என்று கேள்வி. கடையத்தாவுக்குத்தான் தன் பேரே மறந்துவிட்டது. சின்ன வயதில் கட்டி வந்தவள், வந்த நாளிலிருந்து கடையத்தாதான். "'சு'ன்னு ஆரம்பிக்கும், இல்லன்னா 'சொ'ன்னு ஆரம்பிக்கும்" என்று யோசித்துப் பார்த்துவிட்டு, கடையத்தில் இருந்த அண்ணனுக்குக் கார்டு எழுதச் சொன்னாள். பத்து நாளில் பதில் வந்தது. சொர்ணம். அந்தக் கார்டை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அவள் வீட்டுக்காரர் மட்டும், "இத்தன காலமா ஏளான்னுதான கூப்பிட்டேன், இப்ப என்ன சொர்ணம்?" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"நீரு இப்பமும் ஏளான்னே கூப்பிடும். பட்டியல்ல மட்டும் சொர்ணம்" என்றாள்.

எல்லாப் பேரும் சேர்ந்ததும் என்னைத் தாலுகா கச்சேரிக்கு முன்னால் நடக்கச் சொல்லி, அந்தப் பெண்கள் அத்தனை பேரும் பின்னால் வந்தார்கள். ரத வீதியில் அப்படி ஓர் ஊர்வலம் அதற்கு முன் போனதில்லை. கிளார்க் மனுவை வாங்கி, பழைய பட்டியலைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"முப்பத்தொரு பேருக்கும் நீரே பேரு வச்சீராவே?"

"ஆமா சார்."

"எதைப் பாத்து வச்சீரு?"

"மனசுல பட்டதை வச்சேன் சார்."

"நல்ல ரசனைதான் ஒமக்கு. செயிலுக்குப் போயிருக்க வேண்டிய ரசனை" என்றார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். உன் அம்மாகூடச் சிரித்தார்கள். நான் அவர்கள் எல்லோர் முன்னாலும், "நான் பண்ணினது தப்பு. இவங்க பேரு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரிச் சொன்னேன்" என்று சொல்லி, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைக் கேட்டுத் தாசில்தார் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். உனக்காகச் சொல்கிறேன், அவர் எழுந்து நின்றது உண்மை. அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுக்க எழுந்தார்.

இரண்டாம் தேர்தல் வந்தது. ஆண்கள் கூடினோம், கற்பூரம் அணைத்தோம். அருவியில் நூல் போலத் தண்ணீர் விழுகிற மாதம், ஆனாலும் என் கடை முன்னால் கூட்டம். யாரும் குளிக்க வரவில்லை, என் பேச்சைக் கேட்க வந்தார்கள். "எங்க தெருவுல ஒரு ஓட்டுச் செதறிச்சுன்னா மீசைய எடுத்துருதேன்" என்று எண்ணெய்க் கல்லில் அடித்துச் சொன்னேன். சுடலைமுத்து, "என் மீசையையும் சேத்துக்கோ" என்றான். ஓட்டு எண்ணுகிற இடத்தில் இரண்டு பேரும் மீசையோடு நின்றோம். எங்கள் சாவடியில் ஓட்டுப் போட்டது நம் தெரு மட்டும்தான். எங்கள் ஆளின் பெட்டியைத் திறந்தார்கள், நிறைய இருந்தது. எதிர் ஆளின் பெட்டியைத் திறந்தார்கள். காலியாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே நின்றேன். கவிழ்த்தார்கள். மேசையில் குவியலாக விழுந்தது. மூன்றாவது ஆள் ஒருவர், அவருக்குப் பெட்டி எதற்கு என்று நான் கேலி செய்த ஆள், அவர் பெட்டியிலும் ஒரு கை அள்ளும் அளவுக்கு இருந்தது.

சுடலைமுத்து என் காதில், "ஏலே, இது நம்ம தெருப் பெட்டிதானா? மாத்திக் கொண்டாந்துட்டானுவளா?" என்றான்.

வீட்டுக்கு வந்து, "மதினி, கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணின தெரு இது" என்றேன்.

"அணைச்சது ஆம்பிளைங்க. எங்க கையில சூடு படலியே தம்பி."

"சரி, நீங்க எதுல போட்டீங்க? அத மட்டும் சொல்லுங்க."

"அதச் சொல்லக் கூடாதுன்னுதான் திரை கட்டியிருக்கான்" என்று சொல்லி, மை வைத்த விரலால் விறகைத் தள்ளிவிட்டார்கள்.

மீசையை எடுத்தேன். நாற்பது நாளில் முளைத்துவிட்டது. தெருவின் ஓட்டை வீட்டிலிருந்தே சொல்லும் வித்தைதான் அதற்குப் பிறகு எனக்கு முளைக்கவில்லை. இப்போது தெருவில் மூன்று கொடி பறக்கிறது. ஒரே வீட்டில் மாமனார் ஒரு கட்சி, மருமகள் என்ன கட்சி என்று அவருக்கே தெரியாது. வேட்பாளர்கள் முன்பு என்னிடமும் சுடலைமுத்துவிடமும் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று, "சொர்ணத்தம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தத் தாலுகாவிலேயே முதலில் சிதறிய தெரு நம் தெருதான் என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறேன். சிதறவைத்தது என் அண்ணன் பெண்டாட்டி, பேர் பூரணம் என்றும் சொல்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான், தாயி. உன் மேசை முன்னால் ஒரு பெண் வந்து வாய் திறக்காமல் நின்றால் பட்டியலைப் பார்க்காதே, அவள் முகத்தைப் பார். பின்னால் நிற்பவர்களை இரண்டடி தள்ளி நிற்கச் சொல். புருஷன் பேரை அவளிடம் கேட்காதே, சொல்ல மாட்டாள். அடுத்து நிற்பவளிடம் கேள், அவள் சந்தோஷமாகச் சொல்வாள். ஆனால் அவளுடைய பேரை மட்டும் அவள் வாயிலிருந்தே வாங்கு. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. எந்தக் கட்சி ஏஜெண்டாவது, 'நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க' என்று முந்திக்கொண்டு வந்தால் அவனை நம்பாதே. அவன் என்னை மாதிரி ஆள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் அம்மா கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. புதுப் பட்டியல் அச்சாகி வந்திருக்கிறது, போய்ப் பார்த்தேன். நம் வீட்டு நம்பரில் பூரணம் என்று அவர்கள் பேர் அப்படியே இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் முதல் தடவையாக உன் பேர். இரண்டு பேரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அன்று சாயங்காலமே சுடலைமுத்து வீட்டுக்கு வந்தான்.

"ஏலே, மதினி பேரு இன்னும் லிஸ்ட்டுல இருக்கு, பாத்தியா? சும்மா வீணாப் போவுது. எம் மருமவள அனுப்புதேன். நீதான ஏஜெண்டா உள்ள இருக்கப் போற. கண்டுக்காம ஜன்னலப் பாத்துக்கிட்டு இரு, போதும்."

அவனுக்கு அந்த ஜன்னல் கதை தெரியாது. அவன் அன்று வெளியே நின்றவன். "இன்னொரு தடவ என்ன வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுதியா?" என்றேன்.

"என்னல இப்பிடிக் கோவப்படுத? நம்ம கட்சி ஓட்டுலே அது!"

"அது எந்தக் கட்சி ஓட்டுன்னு எனக்கே தெரியாதுலே. கடைசி வரைக்கும் சொல்லலியே."

அவன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. மறுநாள் நான் தாலுகா கச்சேரிக்குப் போய்ப் பேரை எடுத்துவிடச் சொன்னேன். அச்சாகிவிட்டது, இனிமேல் எடுக்க முடியாது, அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம் என்றார்கள். ஆகவே அந்தப் பேர் அன்றைக்கு அங்கேதான் இருக்கும். சுடலைமுத்து சும்மா இருந்தாலும் வேறு எவனாவது அனுப்புவான். யார் வந்து 'பூரணம்' என்று சொன்னாலும் நான் எழுந்து நிற்பேன், 'இது அவங்க இல்ல' என்று சொல்வேன். என் கட்சி அனுப்பிய பெண்ணாக இருந்தாலும் சொல்வேன். அதற்குப் பிறகு என்னை ஏஜெண்டாக வைக்க மாட்டார்கள். போகட்டும், எண்ணெய்க் கடை இருக்கிறது.

உன் ஓட்டைத் தபாலில் போடலாமாமே, மறக்காமல் போட்டுவிடு. எதற்குப் போட்டாய் என்று நான் கட்டாயம் கேட்பேன், அது என் பழக்கம். நீ சொல்லாதே. அன்று காலையில் நீ அங்கே மேசைக்கு முன் உட்காரும்போது நான் இங்கே என் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் இல்லை, பட்டியலுக்கு நேராக. சாயங்காலம் பெட்டிக்கு அரக்கு வைக்கும்போது, ஓட்டுப் போட வந்த தெருக்காரர் பேர்களுக்கெல்லாம் கோடு விழுந்திருக்கும், உன் பேருக்குத் தபால் என்று குறி இருக்கும், உன் அம்மா பேருக்கு மட்டும் ஒரு கோடும் இருக்காது. அதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

உன்னைப் பெறாமல் பெற்ற
சித்தப்பா
தென்காசி